ஆறு டன் ஒட்டுக்கேட்புக் கருவியும் 35,000 டாலரும்

#1 கரையோரம்

பால்டிக் கடலில் கேபிள் அறுந்தது, கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போனது என்று செய்தி வரும்போதெல்லாம் ‘புதுவகைப் போர்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1914 ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் ஜெர்மனிமீது போர் அறிவித்தது. மறுநாள் அதிகாலையிலேயே அலர்ட் என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கி ஜெர்மனியின் தந்திக் கேபிள்களை அறுத்துப் போட்டது. அதற்கப்புறம் ஜெர்மனிக்கு மிஞ்சியது வானொலியும் அடுத்த நாட்டுக்காரன் கம்பியும்தான், இரண்டையும் பிரிட்டிஷ்காரர்கள் ஒட்டுக்கேட்டார்கள், 1917இல் மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகக் கிளப்பிவிடப் பார்த்த சிம்மர்மான் தந்தி அவர்களிடம் சிக்கியது அந்த வழியில்தான்.

ஆனால் நான் இந்த இழையைத் தொடங்கியது ஒகோட்ஸ்க் கடலைப் பற்றிப் பேச. வரைபடத்தில் ரஷ்யாவின் கிழக்குக் கோடியைப் பாருங்கள். கம்சாட்கா தீபகற்பத்தில் பெட்ரோபாவ்லோவ்ஸ்க் பக்கத்தில் சோவியத் ஏவுகணை நீர்மூழ்கிகளின் தளம். பசிபிக் கடற்படையின் தலைமையகமோ தெற்கே விளாடிவோஸ்தோக்கில். கம்சாட்காவுக்குச் சாலையே கிடையாது. ஆகவே இரண்டு இடத்தையும் இணைக்கிற தொலைபேசிக் கேபிள் ஒகோட்ஸ்க் கடலடியில்தான் போயாக வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவில் இருந்த கேப்டன் ஜேம்ஸ் பிராட்லி கணக்குப் போட்டார். சரி, அவ்வளவு பெரிய கடலில் கைக்கு அடக்கமான ஒரு கேபிளை எங்கே தேடுவது? சிறுவயதில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ‘இங்கே கேபிள் போகிறது, நங்கூரம் போடாதீர்கள்’ என்று பலகை நட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. சோவியத் கரையிலும் மீன்பிடிப் படகுகளுக்காக அப்படி ஒரு பலகை இருந்தாக வேண்டுமே?

இருந்தது. 1971இல் ஹாலிபட் என்ற நீர்மூழ்கி அந்தக் கடலுக்குள் நுழைந்து, பெரிஸ்கோப்பால் கரையைத் துழாவி, பலகையைக் கண்டுபிடித்தது. அப்புறம் கடலடியைப் படமெடுத்து கேபிள் போகும் தடத்தைப் பிடித்தார்கள். சுமார் 120 மீட்டர் ஆழத்தில் ஆட்கள் வெளியே இறங்கி நடந்துபோய் கேபிளின்மேல் கருவியைப் பொருத்தினார்கள். கேபிளைத் துளைக்கவே இல்லை, மேலே கவ்விக்கொண்டு உள்ளே ஓடும் பேச்சைக் காந்தப்புலத்தின் வழியாக உறிஞ்சுகிற அமைப்பு அது. பின்னால் வைத்த பெரிய கருவி கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம், 6 டன் எடை. பழுதுபார்க்க யாராவது கேபிளை மேலே தூக்கினால் அதுவாகவே கழன்று விழுந்துவிடும்படி செய்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் போய் ஒலிநாடாவை எடுத்துவந்தார்கள். கடலடிக் கேபிளை எவன் தொடப்போகிறான் என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கத்து அதிகாரிகள் பல விஷயங்களைச் சங்கேதம்கூடப் போடாமல் பேசியிருந்தார்கள். இதற்குப் பெயர் ஆபரேஷன் ஐவி பெல்ஸ்.

இவ்வளவும் எப்படி முடிந்தது தெரியுமா? ரொனால்ட் பெல்டன் என்ற ஒரு ஆள். அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு நிறுவனமான என்.எஸ்.ஏ.யில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டு 1979இல் விலகியவர், திவால். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குள் தானாக நடந்து போனார். கையில் ஒரு காகிதம் இல்லை, எல்லாம் தலைக்குள் இருந்தது. அவருக்குக் கிடைத்தது மொத்தமே 35,000 டாலர் சொச்சம். 1981இல் சோவியத் கப்பல்கள் சரியாக அந்த இடத்துக்கு மேலேயே வந்து நின்றதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின, அடுத்து போன அமெரிக்க நீர்மூழ்கி தேடியபோது கருவியைக் காணோம்.

வல்லரசுகளின் ராணுவப் போட்டி என்றாலே ஏவுகணை, விமானம், டன் கணக்கு என்று அடுக்குகிறோம். கடலடிச் சண்டையின் முடிவுகளை எழுதியது கடன்காரர்களும் குமாஸ்தாக்களும்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 தூத்துக்குடியான்

120 மீட்டரில் ஆட்கள் இறங்கி நடந்தார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் அண்ணா, எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் படிக்கவே முடியவில்லை. எங்கள் கணக்கில் அது 65 பாகத்துக்கு மேல். எங்கள் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் பத்து பாகம் இறங்கினாலே காது, மூட்டு என்று அவதிப்படுவார்கள். கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு போய் அவசரமாக மேலே ஏறிக் கைகால் விழுந்தவர்களை எனக்கே தெரியும். அந்த ஆழத்தில், அதுவும் பனிக்கடலில், கருவி பொருத்துகிற அளவுக்கு எப்படி நின்றார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#3 சேம்பர்க்காரர்

தம்பி, இது என் தொழில். நான் டைவர் இல்லை. வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலைக்கு வரும் கப்பல்களில் டைவர்கள் தங்கும் சேம்பரைக் கவனித்துக்கொள்கிற ஆளாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தேன். நாங்கள் இதை ‘சாட்’ என்போம், சாச்சுரேஷன் டைவிங்.

அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலிருக்கும் நைட்ரஜன் ஆளுக்குப் போதை ஏற்றிவிடும், ஆக்ஸிஜனும் நஞ்சாகும். அதனால் ஹீலியமும் கொஞ்சம் ஆக்ஸிஜனும் கலந்து கொடுப்போம். ஆட்களை ஒரு இரும்பு அறைக்குள் வைத்துக் கடலடியில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அதே அழுத்தத்துக்கு ஏற்றிவிட வேண்டும், நாள்கணக்கில் அதற்குள்ளேயே உண்டு உறங்குவார்கள், வேலை நேரத்தில் மட்டும் தண்ணீருக்குள் போய்வருவார்கள். வேலை முடிந்ததும் மெதுவாக அழுத்தத்தை இறக்க வேண்டும். 120 மீட்டர் என்றால் நாலைந்து நாள் ஆகும். அவசரப்பட்டால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நடந்ததுதான் நடக்கும், இன்னும் மோசமாக.

ஹீலியத்துக்கு இரண்டு கெட்ட குணம் உண்டு. ஒன்று, குரல் கீச்சென்று மாறிவிடும், கேட்டுப் பழகின எனக்கே பாதி பேச்சு புரியாது, அதைத் திருத்தித் தருவதற்குத் தனிப்பெட்டி வைத்திருப்போம். இரண்டாவது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அறைக்குள் 28, 30 டிகிரி வைத்தாலும் ஆட்கள் போர்வை கேட்பார்கள். ஒகோட்ஸ்க் மாதிரி ஐஸ் தண்ணீரில் சுடுதண்ணீரைக் குழாய் வழியாக உடைக்குள் விட்டுக்கொண்டே இருந்தால்தான் ஆள் உயிரோடு நிற்க முடியும். அந்தக் குழாயில் ஒரு மடிப்பு விழுந்தால் சில நிமிடம்தான் கெடு. எங்களுக்கு மேலே கப்பல், டாக்டர், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தது. ஹாலிபட்டில் இருந்தவர்களுக்கு எதிரி நாட்டின் கடல், தலைக்கு மேலே அவர்களுடைய ரோந்துக் கப்பல்கள். நடுவில் ஏதாவது ஆகி நீர்மூழ்கி ஓட வேண்டியிருந்தால் வெளியே நிற்கிறவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த சேம்பரை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? நீர்மூழ்கியின் முதுகில். யாராவது கேட்டால் ஆழ்கடல் மீட்புக்கலம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

#4 யாழ் வாசகி

சேம்பர்க்காரர் ஐயா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அவர்களைச் சுழியோடிகள் என்போம், இந்தச் சொல் தமிழ்நாட்டிலும் புழங்கலாம் என்பது என் ஆசை.

கரையோரம் சொன்ன பெல்டன் கதையோடு ஒரு திருத்தம் வைக்க விரும்புகிறேன். அமெரிக்கக் கடற்படைக்குப் பெரிய சேதம் செய்தது பெல்டன் அல்ல, ஜோன் வோக்கர் (நீங்கள் வாக்கர் என்பீர்கள்). நோர்போக்கில் அட்லாண்டிக் நீர்மூழ்கிப் படையின் தகவல் தொடர்பு அறையில் பொறுப்பில் இருந்தவர். தென் கரோலைனாவில் ஒரு மதுக்கடை தொடங்கி அது நட்டத்தில் ஓட, 1967 கடைசியில் அவரும் அதே தூதரகத்துக்குள்தான் நடந்து போனார். பதினேழு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தான் ஓய்வு பெறும் காலத்தை ஒட்டி நண்பன் ஜெரி விட்வொர்த், அண்ணன் ஆர்தர், கடைசியில் சொந்த மகன் மைக்கேல் என்று ஒவ்வொருவராக உள்ளே இழுத்தார். இராணுவத்தில் இருந்த மகளையும் கேட்டுப் பார்த்தார், அவர் மறுத்துவிட்டார்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமான ஆள் அவருடைய முன்னாள் மனைவி பார்பரா. அவருக்குப் பல ஆண்டுகளாகவே தெரியும். குடியும் பயமும் பிள்ளைகளும் என்று இழுபட்டு, 1984 நவம்பரில்தான் எஃப்.பி.ஐ.க்குத் தொலைபேசியில் சொன்னார். வந்து விசாரித்த அதிகாரி இதைப் பிரிந்துபோன புருசன்மேல் உள்ள ஆத்திரம் என்று எடுத்துக்கொண்டு கோப்பை மூடி வைத்துவிட்டார். சில மாதம் கழித்து வேறொருவர் கண்ணில் பட்டிருக்காவிட்டால் அது அப்படியே கிடந்திருக்கும். மைக்கேலும் இதில் இருக்கிறான் என்று பார்பராவுக்குத் தெரியாது. அந்த ஒரு அழைப்பால் மகனும் சிறைக்குப் போனான். 2000இல்தான் வெளியே வந்தான். உளவு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மனுசியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள், அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

#5 கரையோரம்

நியாயமான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். வாக்கர் பிடிபட்ட இரவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், 1985 மே, மேரிலாந்தின் கிராமத்துச் சாலைகள். வந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகச் சாலை ஓரத்தில் ஒரு காலி செவன் அப் டப்பாவை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பின்தொடர்ந்த எஃப்.பி.ஐ.காரர் ஒருவர் சாட்சியமாக இருக்கட்டும் என்று அந்த டப்பாவை எடுத்துவிட்டார். வாங்க வந்த சோவியத் அதிகாரி, மனைவி பிள்ளைகளோடு காரில் சுற்றிப் பார்த்தார், டப்பா இல்லை, திரும்பிப் போய்விட்டார். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு அப்படிப் போனது. வாக்கர் போட்டுவிட்டுப் போன பை மட்டும் கிடைத்தது. நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்த்த மகன் எடுத்துக் கொடுத்த ரகசிய ஆவணங்கள் நூற்றுக்கு மேல் அதற்குள் இருந்தன. விடியுமுன் ஹோட்டலில் வைத்து வாக்கரைப் பிடித்தார்கள்.

#6 பழைய மார்க்கோனி

வணிகக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான், மார்க்கோனி சாப் என்று கூப்பிடுவார்கள். வாக்கர் விற்றது என்ன என்பதை இங்கே யாரும் விளக்கவில்லை, அது புரியாவிட்டால் சேதத்தின் அளவும் புரியாது.

நீர்மூழ்கி தண்ணீருக்குள் இருக்கும்போது சாதாரண ரேடியோ அலை அதை எட்டாது. உப்புத்தண்ணீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர் ஆழம் வரை இறங்கும், அதற்குப் பிரம்மாண்டமான கோபுரங்கள் வேண்டும். திருநெல்வேலி பக்கம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இதே வேலைக்கு நம் கடற்படை வைத்திருக்கும் நிலையம், அந்தப் பக்கம் போனவர்கள் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. கரை பேசும், நீர்மூழ்கி கேட்கும், பதில் சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அந்த அலையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், தடுக்க முடியாது. ரகசியம் முழுக்க முழுக்க அன்றைய சாவியில் இருக்கிறது. அன்றைய தினத்துக்குச் சங்கேத இயந்திரத்தை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று அச்சடித்த காகிதம், அவ்வளவுதான்.

வாக்கர் விற்றது அந்தக் காகிதங்களை. கே.எல்.47 என்ற இயந்திரத்தின் சுழல்சக்கரங்களுக்குள் கம்பி எப்படி ஓடுகிறது என்று அளந்து பார்க்க, சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு சாதனத்தையும் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி. அவருக்குச் செய்து கொடுத்திருந்தது. அவர் தூதரகத்துக்குப் போன சில மாதத்தில், 1968 ஜனவரியில், பியூப்ளோ என்ற அமெரிக்க உளவுக்கப்பலை வட கொரியா பிடித்தது, அதிலிருந்த இயந்திரங்களும் சோவியத் கைக்குப் போயின. பூட்டும் சாவியும் ஒரே சமயத்தில் ஒரே கையில். ராப்பகலாக மோர்ஸ் கேட்டு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் அனுப்புவதை எதிரி உட்கார்ந்து நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கிறான் என்பதைவிட வயிற்றைக் கலக்கும் விஷயம் வேறு இல்லை.

#7 லேத் பட்டறை

எல்லாரும் அமெரிக்காவுக்குள் இருந்த துரோகிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தோஷிபா விவகாரத்தை விட்டுவிட்டீர்களே! நான் கோவையில் சி.என்.சி. என்கிற கணினிக் கட்டுப்பாட்டுக் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவன், எங்கள் ஆட்கள் நடுவில் இன்றைக்கும் பேசப்படும் கதை இது.

நீர்மூழ்கியைக் காட்டிக்கொடுப்பது அதன் சத்தம். விசிறி வேகமாகச் சுழலும்போது இறக்கையின் ஓரத்தில் அழுத்தம் குறைந்து தண்ணீரே கொதித்துக் குமிழி கட்டும், அந்தக் குமிழிகள் உடைவது எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி படபடவென்று கேட்கும். இறக்கை வளைவு துல்லியமாக இருந்தால் இந்தக் குமிழி கட்டுவது தள்ளிப்போகும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் இறக்கையை அப்படிக் கடைந்தெடுக்க ஒன்பது அச்சில் அசைகிற இயந்திரம் வேண்டும். ஐந்து அச்சு இயந்திரத்தில் சின்ன இம்பெல்லர், அதாவது இறக்கைச் சக்கரம், ஒன்று செய்யவே எனக்கு ஆரம்பத்தில் மூன்று நாள் போனது, டூல் எந்தக் கோணத்தில் போனால் பக்கத்து இறக்கையில் இடிக்காது என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

தோஷிபா மெஷின் நிறுவனம் 1981இல் ஒப்பந்தம் போட்டு அந்த இயந்திரங்களை லெனின்கிராடுக்கு விற்றது, இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டைக் கொடுத்தது நார்வேயின் காங்ஸ்பெர்க். சோவியத்துக்கு விற்கக்கூடாது என்று தடை இருந்ததால் காகிதத்தில் இரண்டு அச்சு சாதா இயந்திரம் என்று எழுதி ஏற்றினார்கள். விற்பனைக்கு இடையில் இருந்த வர்த்தக நிறுவனத்தின் ஜப்பானிய ஊழியர் ஒருவரே 1985இல் எழுதிப் போட்டுத்தான் வெளியே வந்தது. 1987இல் அமெரிக்க எம்.பி.க்கள் நாடாளுமன்றக் கட்டட வாசலில் தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் உடைத்தார்கள், தாய் நிறுவனத்தின் வாரியத் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவி விலகினார்கள். சோவியத் நீர்மூழ்கிகள் அமைதியானது இந்த இயந்திரத்தால்தான்.

#8 கரையோரம்

இயந்திர விவரம் அருமை, ஆனால் கடைசி வரியை நான் ஏற்கமாட்டேன். தேதியைப் பாருங்கள். சோவியத்தின் விக்டர் 3 ரக நீர்மூழ்கி 1970களின் கடைசியிலேயே கடலுக்கு வந்துவிட்டது, முன்னதைவிட நன்றாகவே அமைதியாக இருந்தது. அகூலா ரகத்தின் முதல் நீர்மூழ்கி தண்ணீரில் இறங்கியது 1984. தோஷிபா இயந்திரங்கள் லெனின்கிராடில் பொருத்தப்பட்டது அதற்குச் சற்று முன்னால்தான், அகூலா கட்டப்பட்டதோ தூரக்கிழக்கில் அமூர் நதிக்கரையில். ஒரு நீர்மூழ்கியின் வடிவமைப்பு பல வருடத்துக்கு முன்பே முடிவாகிவிடும். அப்படியானால் ‘நம் கப்பல்கள் இரைச்சல் போடுகின்றன, அவர்கள் தூரத்திலிருந்தே கேட்கிறார்கள்’ என்று சோவியத்துக்கு 70களிலேயே உறைத்திருக்க வேண்டும்.

எப்படி உறைத்தது? அமெரிக்கா 1950களிலிருந்தே கடலடியில் ஒலிவாங்கிகளை வரிசையாகப் போட்டுக் கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, சோசஸ் என்று பெயர், 1991 வரை அதிகாரபூர்வமாக வெளியே சொல்லவில்லை. வாக்கர் கொடுத்த சாவிகளால் அமெரிக்கச் செய்திகளைப் படித்தவர்களுக்குத் தங்கள் கப்பல்களை எதிரி எவ்வளவு எளிதாகப் பின்தொடர்கிறான் என்பது புரிந்துபோனது. தோஷிபா அந்தப் பாடத்துக்கான கருவி. பாடம் சொன்னது வாக்கர்.

#9 லேத் பட்டறை

தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான், நான் அகூலாவின் கட்டும் இடத்தைக் கவனிக்கவில்லை. ஆனாலும் ஒன்று. கூடு முழுக்க ரப்பர் ஓடு ஒட்டுவது, என்ஜினை அதிர்வு தாங்கும் மேடையில் வைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் அமைதி வரும், விசிறி அதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை நூற்றுக்கணக்கில் ஒரே தரத்தில் செய்ய இயந்திரம் இல்லாமல் முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவது வேறு, கையால் செய்து காட்டுவது வேறு, இது பட்டறையில் நின்றவனுக்குத்தான் தெரியும். இன்று சில்லு செய்யும் இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்காதே என்று நெதர்லாந்தையும் ஜப்பானையும் அமெரிக்கா நெருக்குவதற்குப் பின்னால் இருப்பதும் இதே பயம்தான்.

#10 இரவுப்பணி

பழைய கதையெல்லாம் சரி. இன்றைய கேபிள் விஷயத்துக்கு வாருங்கள். 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்தபோது நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அழைப்புகள் விட்டுவிட்டுக் கேட்டன, ஸ்கிரீன் உறைந்து நின்றது. எங்கள் மேலாளர் ஒரு வாரம் எங்களைத்தான் திட்டினார், அந்த மாத இலக்கில் குறைந்ததைச் சம்பளத்திலும் பிடித்தார்கள். எங்கேயோ மத்தியதரைக்கடலில் ஒரு கம்பி அறுந்ததற்கு! கண்டம் விட்டுக் கண்டம் போகிற தகவல் கிட்டத்தட்ட முழுவதும் இந்தக் கேபிள்களில்தான் போகிறது, செயற்கைக்கோள் கொண்டுபோவது சொற்பம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இப்போது பால்டிக்கில் அறுப்பது யார்? ரஷ்யாவா, சீனாவா, நேரடியாகச் சொல்லுங்கள்.

#11 கரையோரம்

நேரடியாகச் சொல்ல முடியாதபடி நடப்பதுதான் இதன் சாரமே. 2023 அக்டோபரில் பின்லாந்து - எஸ்டோனியா எரிவாயுக் குழாயைச் சேதப்படுத்தியது ஹாங்காங் கொடி கட்டிய நியூநியூ போலார் பேர் கப்பலின் நங்கூரம். 2024 நவம்பரில் லித்துவேனியா - சுவீடன் கேபிளும் பின்லாந்து - ஜெர்மனி கேபிளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன, சந்தேகம் யி பெங் 3 என்ற சீனச் சரக்குக் கப்பல்மேல், அது டென்மார்க் பக்கம் ஒரு மாதம் நங்கூரம் போட்டு நின்றுவிட்டுப் போய்விட்டது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்து - எஸ்டோனியா மின்கேபிள் எஸ்ட்லிங்க் 2 அறுந்தது. இந்த முறை பின்லாந்து பொறுக்கவில்லை, குக் தீவுகள் கொடியோடு ரஷ்ய எண்ணெய் ஏற்றிவந்த ஈகிள் எஸ் கப்பலில் ஆட்களை இறக்கிப் பிடித்தது. 2025 ஜனவரியில் நேட்டோ பால்டிக் சென்ட்ரி என்று ரோந்து தொடங்கியது.

அப்புறம் என்ன ஆனது? 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. சேதம் நடந்தது பின்லாந்தின் எல்லைக் கடலுக்கு வெளியே. அங்கே கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கும் மாலுமிகளின் நாட்டுக்கும்தான் உரிமை என்கிறது கடல் சட்டம். உலகத்தின் மொத்தப் பேச்சும் ஓடுகிற கம்பிக்கு, கரையிலிருந்து சில மைல் தாண்டினால் காவல்காரன் கிடையாது. இதை மாற்றாமல் ரோந்துக் கப்பல் விட்டு என்ன பயன் என்று எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

#12 யாழ் வாசகி

கோபம் சரி, ஆனால் எல்லாவற்றையும் சதிக்குள் தள்ளிவிட வேண்டாம். 2025 ஜனவரியில் லாத்வியா - சுவீடன் கேபிள் அறுந்ததும் சுவீடன் வெஜென் என்ற கப்பலைப் பிடித்தது, எல்லோரும் நாசவேலை என்றே எழுதினார்கள். ஒரு வாரத்தில் அரச வழக்குரைஞரே, மோசமான காலநிலையும் பராமரிப்புக் குறைவும் மாலுமிகளின் கவனக்குறைவும்தான் காரணம் என்று சொல்லிக் கப்பலை விட்டுவிட்டார். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150, 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன, பெரும்பாலும் மீன்பிடி வலையும் நங்கூரமும்தான். வேண்டுமென்று அறுக்கிறவனுக்கு இந்தக் கணக்குத்தான் ஒளிவிடம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாதிக்கப்படுகிறவர்களையும் பாருங்கள். 2023 பெப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கேபிள்களும் சில நாள் இடைவெளியில் அறுந்தன, இரண்டு முறையும் சீனக் கப்பல்களைத்தான் தைவான் சொன்னது. பழுதுபார்க்கும் கப்பல் வர வாரங்கள் ஆகின. பதினான்காயிரம் பேர் அளவுக்கு வாழும் தீவு, ஒரு குறுஞ்செய்தி போகவே வெகுநேரம். மைக்ரோவேவ் கோபுரத்தை வைத்துச் சமாளித்தார்கள்.

#13 பழைய மார்க்கோனி

ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஐவி பெல்ஸ் காலத்துச் செப்புக் கம்பியில் காந்தப்புலம் வெளியே கசிந்தது, அதனால் மேலே கவ்வினாலே கேட்டது. 1988இல் அட்லாண்டிக்கில் முதல் கண்ணாடி இழைக் கேபிள் வந்ததும் அந்த வழி அடைபட்டது, ஒளி அப்படிக் கசியாது. ஆகவே ஒட்டுக்கேட்க வசதியான இடம் கரைதான், கேபிள் ஏறிவரும் நிலையம். பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிறுவனமான ஜி.சி.எச்.கியூ. டெம்போரா என்ற பெயரில் அதைத்தான் செய்துகொண்டிருந்தது என்று 2013இல் என்.எஸ்.ஏ.க்கு வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. நண்பர் நாடோ எதிரி நாடோ, கேபிள் யார் மண்ணில் ஏறுகிறதோ அவன் காது நீளம்.

#14 தூத்துக்குடியான்

கரையோரம் அண்ணா, கடன்காரர்களும் குமாஸ்தாக்களும் என்று முதலில் சொன்னீர்களே, அது அந்தக் காலத்தோடு போயிற்றா, இப்போதும் உண்டா? 1981இல் கருவியைப் பறிகொடுத்த பிறகு அமெரிக்கா இந்த வேலையை நிறுத்திவிட்டதா?

#15 கரையோரம்

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். 2021 அக்டோபரில் ஜோனதன் டோபி என்ற அமெரிக்கக் கடற்படை அணு எஞ்சினியரும் அவர் மனைவியும் கைதானார்கள். விற்கப் பார்த்தது வர்ஜீனியா ரக நீர்மூழ்கியின் அணு உலை விவரங்களை. ரொட்டிக்குள் கடலைவெண்ணெய் தடவி அதற்குள் நினைவட்டையைச் செருகி, சொன்ன இடத்தில் வைத்துவிட்டுப் போனார், மனைவி காவல் நின்றார். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் என்று அவர் நம்பியது எஃப்.பி.ஐ. ஆளை. அவருக்கு 19 வருடத்துக்கு மேல், மனைவிக்கு ஏறக்குறைய 22 வருடம் தண்டனை.  2023இல் எசெக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மாலுமி ஒருவர் சீன உளவு அதிகாரிக்குக் கப்பல் விவரங்களைக் கொடுத்ததற்குக் கைதாகி, 2025இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். அவர் வாங்கிய தொகை பன்னிரண்டாயிரம் டாலர் அளவில்தான்.

இரண்டாவது கேள்வி. பெல்டனுக்குத் தெரிந்தது ஒகோட்ஸ்க் மட்டும். ஆனால் 1979லேயே பார்ச்சி என்ற நீர்மூழ்கி ஆர்க்டிக் பக்கம் பேரன்ட்ஸ் கடலில், சோவியத் வடக்குக் கடற்படையின் கேபிள்மேல் இன்னொரு கருவியை வைத்துவிட்டது. அதைப் பற்றி பெல்டன் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. ஆகவே மாஸ்கோ ஒகோட்ஸ்க் கருவியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் மேலே வடக்கில் ஒலிநாடா ஓடிக்கொண்டே இருந்தது. பெல்டனை 1985இல் ரோமில் அமெரிக்காவிடம் வந்து சேர்ந்த கே.ஜி.பி. அதிகாரி யூர்ச்சென்கோ அடையாளம் காட்டினார், 1980இல் தூதரகத்துக்கு பெல்டன் பேசிய தொலைபேசிப் பதிவில் இருந்த குரலை வைத்து உறுதி செய்தார்கள். ஒட்டுக்கேட்பைக் காட்டிக்கொடுத்தவரைப் பிடித்ததும் ஒட்டுக்கேட்புதான். மூன்று ஆயுள் தண்டனை, 2015இல் விடுதலை.

#16 சேம்பர்க்காரர்

பார்ச்சியைச் சொன்னீர்களே, அதன் மேல்கோபுரம் மட்டும் இன்று வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் ஊரில், கடற்படை அருங்காட்சியகத்துக்கு வெளியே தரையில் நிற்கிறது. துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதுக்கு நின்றபோது போய்ப் பார்த்தேன், தூறல் விழுந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையிலேயே அதிக விருது வாங்கிய கப்பல் அது. ஜனாதிபதி கொடுக்கும் படைப்பிரிவுப் பாராட்டு மட்டும் ஒன்பது. அந்த வேலையை இப்போது ஜிம்மி கார்ட்டர் என்ற நீர்மூழ்கி செய்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதே ரகத்தின் மற்றக் கப்பல்களைவிட அதை நூறு அடி நீளமாகக் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு வயதானவர் தொப்பியோடு நின்று இரும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் இருந்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நான் சாட் வேலையில் இருக்கிறேன் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது, எத்தனை மீட்டர், என்ன கலவை, சுடுதண்ணீர்க் குழாய் இப்போது எப்படி வருகிறது என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் எங்கே இறங்கினீர்கள் என்று நான் கேட்டதற்கு, குளிரான இடம் என்று மட்டும் சொன்னார்.